சகனுக்கு ஓராள் குறைவு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு, 1981ஆம் ஆண்டு கல்முனையில் ‘கரையோர மரபுணவு மேம்பாட்டுச் சபை’ அமைக்கப்படும் வரைக்கும், உணவுத் துறையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. சபையின் முதலாவது கூட்டத்தில் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் இதைத் திருவாய் மலர்ந்தார். செயலாளர் முனாப் எழுதிக்கொண்டார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், அரிசி ஆலைக்காரர், கட்டட வேலை எடுக்கும் கொந்தராத்துக்காரர் ஆகிய ஏனைய மூன்று உறுப்பினர்களும் ஏகமனதாக வடை சாப்பிட்டார்கள்.

சபையின் நோக்கம் மகத்தானது. அறுகம்பைக்கு வெள்ளைக்காரர்கள் அலை விளையாட வருகிறார்கள். வரும் வழியில் அவர்களுக்குச் சகன் சோறு சாப்பிட ஆசை வந்தால் எந்தக் கடைக்குப் போவார்கள்? இதுவரை ஒரு வெள்ளைக்காரரும் அப்படிக் கேட்டதில்லைதான். கேட்கக்கூடத் தெரியாமல் தவிக்கிறார்கள் என்பதல்லவா அதன் பொருள்! ஆகவே ‘கரையோரப் பயணியின் உணவுக் கைநூல்’ ஒன்று வெளியிடுவதென்று தீர்மானமாயிற்று.

கைநூலின் தொகுப்பாசிரியர் முனாப். அவருடைய பெயர் அட்டையிலேயே வரப்போகிறது. இந்தச் செய்தி சம்மாந்துறையில் இருக்கும் அவருடைய மாமி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சகனைப் பற்றி மட்டும் பதினொரு பக்கம் எழுதிவைத்திருந்தார். அதில் அவரே வாய்விட்டு வாசித்து வாசித்து ரசிக்கும் வசனம் ஒன்று இருந்தது:

“பெரிய தாம்பாளத்தில் சோறு, நடுவே இறைச்சி, சுற்றிவர ஆறு பேர். அங்கே அரசனும் இல்லை, ஆண்டியும் இல்லை. ஆறு கைகள் மட்டுமே உண்டு.”

ஒரே ஒரு சங்கடம். சபையின் ஏழாம் விதி இப்படிச் சொல்லிற்று: ‘பயணக் குழு உட்கார்ந்து உண்டு பார்க்காத எந்தக் கடையும் கைநூலில் இடம்பெறாது.’ திங்கட்கிழமை கைநூல் அச்சுக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்தும் சகன் வைக்கிற கடை ஒன்றுகூடக் கையில் இல்லை. கடை இல்லையென்றால் நூல் இல்லை. நூல் இல்லையென்றால் மாமிக்கு முகம் காட்ட முடியாது.

அரசாங்க அலுவலகமான கந்தோரின் வேனைக் கேட்டார்கள். அங்கே ஒரு சுற்றுநிருபம் குறுக்கே நின்றது. ஆறு பேருக்குக் குறைந்த பயணத்துக்கு வேனும் இல்லை, டீசலும் இல்லை. சபையினரோ ஐந்து பேர்.

ஹாஜியார் ஒரு கணம்தான் யோசித்தார். “ஏன்கா, ட்ரைவர் பக்கீர் ஆளில்லியா? அவனையும் சேத்தா ஆறு. எழுதுங்க முனாப், ஆறு பேர்!”

எவ்வளவு பெரிய மனது! நாற்பத்தைந்து வயதில் பக்கீர் முகைதீன் முதல் தடவையாக ஒரு சபையில் சேர்த்து எண்ணப்பட்டார். பயணிகள் விபரம் எழுதுகிற ரன்னிங் சாட் புத்தகத்தில் ‘பயணக் குழு: அறுவர்’ என்று எழுதி முனாப் ஒப்பம் வைத்தார்.

வேன் காரைதீவைத் தாண்டும்போது பேச்சு பக்கீரின் வாப்பாவிடம் போயிற்று. அவர் ஊரின் ஒஸ்தா. முடிவெட்டுவதும் ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்வதும் அவருடைய தொழில். வேனுக்குள் இருந்த ஐந்து பிரமுகர்களும் அவருடைய கையால்தான் மார்க்கத்துக்கு வந்தவர்கள்.

“பொல்லாத மனிசன்!” என்றார் ஹாஜியார். “‘அந்தா மேல பாருங்க தம்பி, கிளி!’ எண்டார். நானும் பாத்தன். கிளியும் இல்ல, ஒண்டும் இல்ல. குனிஞ்சு பாக்கக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சு.”

“எனக்கும் அதே கிளிதான்” என்றார் அதிபர்.

“எனக்குப் பச்சக்கிளி எண்டு சொன்னவர்” என்றார் கொந்தராத்துக்காரர், சற்றுப் பெருமையோடு.

வேன் குலுங்கச் சிரித்தார்கள். பக்கீரும் சிரித்தார்.

நிந்தவூரில் முதலாவது ஆய்வு நடந்தது. ‘நியூ டோக்கியோ ஹோட்டல்’ முதலாளி சகன் என்ற சொல்லைக் கேட்டதும் சபையை மேலும் கீழும் பார்த்தார்.

“சகனா? அது கலியாண ஊட்டுல தானே சேர்? இஞ்ச கொத்து ரொட்டி இரிக்கி, பிரைட் ரைஸ் இரிக்கி.”

“டோக்கியோவில பிரைட் ரைஸா?” என்று அதிபர் கேட்டார்.

“நான் என்னத்தக் கண்ட சேர், பேர்ப்பலகை எழுதினவன் போட்டது.”

அக்கரைப்பற்றில் நம்பிக்கை துளிர்த்தது. கடை வாசலிலேயே ‘சகன் ஸ்பெஷல்’ என்று எழுதியிருந்தது. ஆனால் மேசைக்கு வந்தது ஆளுக்கொரு சின்னப் பீங்கான் தட்டு.

“இதுல ஆறு பேர் எப்பிடிகா கை வைக்கிற?” என்று ஹாஜியார் திடுக்கிட்டார்.

“ஆறு பேரா? ஆர்ர கை எங்க பட்டதோ! இது ஒரு ஆள் சகன், ஹாஜியார். காலம் மாறிட்டு” என்றார் கடைக்காரர்.

சபை எழுந்து வெளியேறிற்று. தெருவில் நின்றபடி ஹாஜியார் ஆற்றிய உரை பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது.

“சகனெண்டா என்ன? பக்கத்துல குந்தி இருக்கிறவன் ஆரெண்டு கேக்காமக் கைய வைக்கிற! அத ஒடச்சிப் பீங்கான்ல போட்டு விக்கிறானுகள். சகோதரத்துவத்தையெல்லோ கூறு போடுறானுகள்!”

முனாப் கண்கலங்க எழுதிக்கொண்டார். “மெய்தான் ஹாஜியார்” என்றார் பக்கீர், வேன் கதவைத் திறந்து பிடித்தபடி.

பொத்துவிலில் சீனிமுகம்மது என்பவருடைய கடையில் வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பிறகு, அசல் சகன் வைக்கிறார்கள் என்று பஸ் நிலையத்தில் ஒருவர் சொன்னார். பக்கீர் அழுத்திய அழுத்தில் வேன் தொழுகை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளியில் ஹாஜியாருக்கு இந்தப்பக்கம் முனாப், அந்தப்பக்கம் பக்கீர். தோளோடு தோள், காலோடு கால். கண்கொள்ளாக் காட்சி. அது சரியாகப் பத்து நிமிடம் நீடித்தது.

கடையில் பாய் விரித்திருந்தது. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து நெய்யும் ஏலமும் கலந்த வாசம் வந்து, விடியற்காலை வடைக்குப் பிறகு ஒன்றும் காணாத சபையைப் பாய்ப் பக்கம் இழுத்தது. ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பக்கீர் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

“பக்கீர், வேனத் தனிய உட்டுப்போட்டா வந்த?”

பக்கீர் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனார்.

முதலாளி சீனிமுகம்மது வந்து எண்ணிப் பார்த்தார். “அஞ்சு பேர் தானே? சகனுக்கு ஆறு பேர் வேணும். குறைஞ்சா வைக்கிறல்ல. எங்கட உம்மா வச்ச சட்டம். கடைசிச் சகன் வேற.”

சபை அவசரக் கூட்டம் கூடிற்று. கூட்டத்துக்குக் கோரம் உண்டு, சகனுக்குத்தான் ஆள் இல்லை. ஆலைக்காரர் தம் துருக்கித் தொப்பியைக் கழற்றி ஆறாவது இடத்தில் வைத்து, வர முடியாத உறுப்பினர் ஒருவரின் பிரதிநிதியாக அதை ஏற்கும்படி பிரேரித்தார். அதிபர் ஆமோதித்தார்.

“தொப்பிக்குச் சோறு போட ஏலாது” என்றார் முதலாளி.

அப்போது தெருவில் திருக்கோவில் ஊர்க்காரர் அழகரெத்தினம் போனார். காணிக் கந்தோரில் பெரிய லிகிதர், அதாவது தலைமை எழுத்தர். ஹாஜியார் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். “வாங்க மிஸ்டர் அழகரெத்தினம், எங்களோட ஒரு சகன்ல குந்துங்க. எங்களுக்குப் பேதமில்ல!”

“ஐயோ ஹாஜியார், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மச்சம் மாமிசம் தின்னுறல்ல.” அவர் வேன் பக்கம் பார்த்தார். “அங்க நிக்கிறவரும் உங்கட ஆள்தானே? அவரக் கூப்பிடுங்கவன்.”

ஹாஜியாருக்குச் சட்டென்று காது மந்தமாகிவிட்டது.

திரைக்குப் பின்னால் இருந்த முதலாளியின் மனைவி ஸைனம்புக்கோ காது நல்ல தெளிவு. “என்னகா இது புதினம்! வேனுக்குள்ள ஒரு மனிசன் இரிக்காரே, அவருக்குக் கையில்லியா, வாயில்லியா?”

ஹாஜியார் குரலைத் தாழ்த்தி முனாப்பிடம் சொன்னார்: “நல்ல புள்ளதான். ஒரு குறையுமில்ல. ஆனா ஒஸ்தாட மகன். அவனோட ஒரு சகன்ல கை வச்ச எண்டு நாளைக்கு ஊருக்குள்ள கதை வந்தா, நான் எந்தக் கலியாணத்துல போய்க் குந்துற?”

முனாப் வாயைத் திறந்தார். அவருடைய மடியில் பதினொரு பக்கங்கள் இருந்தன. அவற்றை அச்சுக்கு அனுப்ப ஹாஜியாரின் ஒப்பம் வேண்டும். வாயை மூடிக்கொண்டார். எழுத்தாளனுக்கு மௌனமும் ஒரு நடைதானே.

இந்த நேரத்தில் கரைவலை இழுக்கிற ஆட்கள் நனைந்த சாரனோடு உள்ளே வந்தார்கள். அவர்களும் ஐந்து பேர். அவர்களில் மூத்தவர் சட்டத்தைக் கேட்டார், வாசலை எட்டிப் பார்த்தார், கூப்பிட்டார்:

“மச்சான்! திண்ட நீங்களா? திங்கல்லெண்டா ஓடி வாங்க, ஒரு ஆள் குறையுது!”

பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. வாப்பா யார் என்று கேட்கவேயில்லை. எவ்வளவு அநாகரிகம்! சபை எதிர்ப் பாயில் இருந்தபடி இதைக் கவலையோடு அவதானித்தது. ஸைனம்புவின் சகன் வந்தது. ஆவி பறக்கும் நெய்ச்சோறு, நடுவே மாட்டிறைச்சி, ஓரத்தில் கத்தரிக்காய். பக்கீரின் முன்னால் இறைச்சித் துண்டு ஒன்றை மூத்தவர் தள்ளிவிட்டார். “நல்லா இழுத்துத் தின்னுங்க மச்சான், வெக்கப்படாதீங்க.”

சபையினர் ஐவரும் தலையை நிமிர்த்தி முகட்டைப் பார்த்தார்கள். அங்கே கிளி எதுவும் இல்லை.

திரும்பி வரும்போது வேனுக்குள் சபையின் வயிறுகள் மட்டும் பேசிக்கொண்டு வந்தன. கோமாரி தாண்டியதும் முனாப் துள்ளி எழுந்தார். கையில் ஏழாம் விதி.

“ஹாஜியார்! ‘சபை உறுப்பினர்’ எண்டு இல்ல, ‘பயணக் குழு’ எண்டுதான் இரிக்கி. ரன்னிங் சாட்ல பயணக் குழு ஆறு பேர். ஆறாவது ஆள் பக்கீர். பக்கீர் திண்டவர். அப்ப குழு திண்டது தானே!”

“மாஷா அல்லாஹ்!” என்றார் ஹாஜியார். “அவனும் எங்கட ஆள்தானே, எப்பயும் நான் சொல்ற.”

கைநூல் பிழைத்தது. முனாப்பின் பெயர் பிழைத்தது. அவர் உடனே பேனாவை எடுத்தார். ‘பொத்துவிலில் குழுவினர் அறுவரும் ஒரே சகனைச் சுற்றி அமர்ந்து உண்டு மகிழ்ந்தனர். சோறோ…’ பேனா அங்கே நின்றது. சோறு எப்படி இருந்தது என்று வேனுக்குள் ஒரேயொரு மனிதருக்குத்தான் தெரியும்.

“பக்கீர்” என்றார் முனாப், அதுவரைக்கும் இல்லாத பணிவோடு. “ருசி எப்பிடி?”

பக்கீர் வேனை ஓரமாக நிறுத்தினார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

“சேர், வேனுக்கு ஆறு பேர். சோத்துக்கு அஞ்சு பேர். இப்ப புத்தகத்துக்குத் திரும்ப ஆறு பேர். நான் எப்ப ஆள், எப்ப ஆளில்ல எண்டு ஒரு கடுதாசில எழுதித் தாங்க. வேனுக்குள்ள ஒட்டி வச்சிக்கிறன்.”

“அதெல்லாம் பொறகு பாப்பம், பக்கீர். இப்ப ருசிய மட்டும் சொல்லன்” என்றார் ஹாஜியார்.

“ருசியா ஹாஜியார்?” பக்கீர் வலது கை விரல்களை ஒருதரம் மோந்து பார்த்தார். பிறகு, அப்படியே அவருடைய வாப்பாவின் குரலில் சொன்னார்:

“அந்தா மேல பாருங்க தம்பி, கிளி!”

ஐந்து பிரமுகர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐந்து பேருடைய கைகளும் மடியைப் பொத்திக்கொண்டன.