சந்தியில் ஏறிய உள்ளங்கால்

தோல் புற்றுநோயை உலகம் ஒருநாள் வெல்லுமானால், அந்த வெற்றி கல்முனையில், எங்கள் 'நுண்மரபணு விழிப்புணர்வுப் பேரவை'யில்தான் தொடங்கியதென்று வரலாறு எழுதும். எழுதாவிட்டால் கூட்ட அறிக்கையில் நானே எழுதுவேன். பேரவையின் செயலாளர் நான்தான்.

ஐந்து மாதங்களுக்கு முன் பேரவை கூடியிருந்த வேளை, இறக்காமத்து வயற்காரர் அச்சிமுகம்மது காக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வலது உள்ளங்காலில் ஒரு கறுப்பு மறு. மை கொட்டிப் பரவியது போல ஓரமெல்லாம் கோணல்.

"தம்பி, நோவு ஒண்டுமில்ல. ஆனா பெருக்குது. நீங்க தோல் புற்றுநோய்க்குக் கூட்டம் வெக்கிற ஆக்கள்தானே, ஒருக்காப் பாருங்களன். நாளைக்குக் கிளினிக்குக்குப் போகத்தான் நினைச்சிருக்கன்."

தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார் உணர்ச்சிவசப்பட்டார்.

"கிளினிக்கா? என்னத்துக்குப் போய் லைன்ல நிக்கிறீங்க? நம்மட மகாநாட்டுக்குக் கொழும்பில இருந்து கலாநிதி யசோதினி வாறாங்க. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியில பெரிய ஆள். அவங்களே பாப்பாங்க. பொறுங்க காக்கா."

"சரி ஹாஜியார். நீங்க சொன்னாச் சரிதான்."

காக்காவின் உள்ளங்காலை நான் உடனே போனில் படமெடுத்தேன். சமூகத்துக்குப் பயன்பட வேண்டுமல்லவா? மறுவாரம் அது பன்னிரண்டடி விளம்பரப் பெனராகச் சந்தியில் ஏறியது. 'விழித்தெழு மனிதா! உன் தோலைக் கவனி!' நடுவில் கால். இருபக்கமும் தலைவரும் நானும் சிரித்த முகத்துடன்.

மகாநாடு மூன்றே மூன்று தடவைதான் ஒத்திவைக்கப்பட்டது. முதலில் பிரதம அதிதிக்கு நேரமில்லை. பிறகு கிடைத்தவர் முந்தியவரைவிடப் பதவியில் குறைந்தவர். மூன்றாவது, பொன்னாடையின் நிறத்தைத் தீர்மானிக்க உபகுழு அமைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் காக்கா போன் எடுத்தார்.

"தம்பி, இப்ப கசியுது."

"பொறுங்க காக்கா" என்று ஒவ்வொரு தடவையும் பொறுப்புடன் பதிலளித்தேன்.

ஒருவாறு மகாநாடு நடந்தது. பதினொரு பேருக்குப் பொன்னாடை போர்த்தியபின், கலாநிதிக்குப் பதினைந்து நிமிடம் மிஞ்சியது.

"மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகச் சிறியது" என்றார் அவர். "அது தானாக எந்தப் புரதத்தையும் உருவாக்காது. உடற்கலத்துக்குள் போகும் செய்திகளைப் பிடித்து அடக்குவதுதான் அதன் வேலை. அளவோடிருந்தால் நல்லது. சில வகைகள் அளவுக்கு மிஞ்சினால், புற்றுநோயைத் தடுக்கும் செய்திகளையே அடக்கிவிடும். பிறகு கலங்கள் தறிகெட்டுப் பெருகும்."

தானாக ஒன்றும் செய்யாமல், போகிற செய்தியையும் போகவிடாமல் வைத்திருப்பது! செயலாளரான எனக்கு உடனே விளங்கியது. பலமாகக் கைதட்டினேன்.

சந்தியிலிருந்து கழற்றி மேடையில் கட்டிய அதே பெனரின் கீழே குழுப் படத்துக்கு நாங்கள் நின்றபோது, காக்கா நொண்டிக்கொண்டே மேடையேறி, கதிரையைப் பிடித்துக் காலைத் தூக்கிக் காட்டினார். கலாநிதியின் முகம் மாறியது.

"ஐயா, நான் ஆய்வுகூடத்தில வேலை செய்யிறவ, நோயாளரைப் பாக்கிற டொக்டர் இல்ல. ஆனா நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். எவ்வளவு நாளா இருக்கு?"

"கூட்டத்துக்கு வந்து அஞ்சு மாசம் மிஸ். போன மாசம் தொடை இடுக்கிலயும் ஒரு கட்டி வந்திருக்கு."

"அஞ்சு மாசமா? ஏன் ஒருத்தருக்கும் காட்டாம இருந்தீங்க?"

காக்கா எங்கள் தலைக்கு மேலே கையை நீட்டினார்.

"காட்டினன் மிஸ். முழுக் கல்முனையும் பாத்திச்சு. எண்ட காலுக்கு ரெண்டு பக்கமும் நிண்டு சிரிக்கிறாங்களே, அவங்கதான் பொறுக்கச் சொன்னாங்க."