கையில் கொடுத்ததையெல்லாம் வாசிப்பவன்

ஈசூன், சிங்கப்பூர்,
9.3.1985

மதிப்பிற்குரிய அத்தான் சுவிசேஷமுத்து அவர்களுக்கு, மைத்துனன் சவரிராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் நலம், என்னைத் தவிர. தெம்பனிஸில் அக்காள், பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும். போனில் சொல்லலாம்தான், என் குரலைக் கேட்டால் செய்தி என்று நினைத்துக் கண்ணை மூடிவிடுவீர்கள், ஆதலால் கடிதம்.

"டிவியில தெரிஞ்ச முகம், ஜனங்க தானா ஓட்டுப் போடுவாங்க லா" என்று என்னை அரசியலில் தள்ளிவிட்டவர் நீங்கள். போட்டார்கள், எம்.பி. ஆனேன், மறுக்கவில்லை. ஆனால் பதினாறு வருஷம் கறுப்பு வெள்ளையிலும் கலரிலும் செய்தி வாசித்து, மேசைக்கு மேலே மட்டும் தெரிந்தவன் நான். மேலே கோட்டு, கீழே கைலி. நாலாம் மாடி சரஸ்வதியம்மா ஓட்டுக் கேட்கப் போன என் காலையே பார்த்துவிட்டு, "உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். களைப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அதுகூடப் போகட்டும். அந்தக் காலத்தில் செய்தி ஓடும்போதே பக்கத்திலிருந்து ஒரு தாளைத் தள்ளுவார்கள். என்ன ஏதென்று பார்க்காமல் வாசித்தாக வேண்டும். அந்தப் பழக்கம் என்னை விடமாட்டேன் என்கிறது. ஒரு கூட்டத்தில் நான் பேசும்போது, கட்சிக் கிளைச் செயலாளர் அப்துல் கஃபார் மைக்செட்காரருக்கு எழுதிய சீட்டு கைமாறி என்னிடம் வந்தது. 'ஐயா இழுத்துக்கிட்டே போறார், சத்தத்தைக் கொறைங்க' என்பதையும் கணீரென்று வாசித்துவிட்டேன். கூட்டம் அன்றைக்குத்தான் கைதட்டியது.

நேற்று வெள்ளிக்கிழமை, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் குறை கேட்கும் மக்கள் சந்திப்பு, ஐம்பது பேர் இருப்பார்கள், பிலோமினம்மாள் என்கிற அம்மாள் ஒரு தாளை என் முன்னால் தள்ளினார், தள்ளினா போதாதா அத்தான், வாய் தானாத் தொறந்துகிச்சு. 'என் வீட்டுக்காரருக்கு நாலு மாசமா வேலை இல்லை. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு தினமும் கிளம்பிப் போறார். நான் சொன்னேன்னு தெரியாம ஒரு வேலை பார்த்துக் கொடுங்க.' கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரி நிறுத்தி நிதானமா வாசிச்சேன். கடைசி வரிசையிலதான் அந்த வீட்டுக்காரர் அற்புதராஜ் கையில ஒரு தாளோட நின்னுக்கிட்டு இருந்தார். தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டார். வெட்கமா இருக்கு அத்தான், அலுத்தும் போச்சு. ராஜினாமாக் கடிதம் இதோட வச்சிருக்கேன். நீங்கதானே கொண்டுபோய் விட்டீங்க, நீங்களே கட்சி ஆபீசுல கொடுத்துடுங்க.

அக்காளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உங்கள் வீட்டைக் காப்பாராக, என்னைப் போன்றவர்களிடமிருந்தும்.

இப்படிக்கு,
சவரிராஜ்

பி.கு. (உறையை ஒட்டிவிட்டதால் அதன் பின்புறத்தில் எழுதுகிறேன்): அற்புதராஜும் பிலோமினம்மாளும் இப்போதுதான் வந்து போனார்கள். நேற்று மடித்த தாளை அவர் நீட்டி, "சத்தமாவே படிங்க" என்றார். படித்தேன். 'எனக்கு வேலை போயிடுச்சு. வீட்டுல சொல்ல தைரியம் வரலை. என் சம்சாரத்துக்கிட்ட நீங்க சொல்லிடுவீங்களா?' அந்தம்மா அழுதார், பிறகு சிரித்தார். வேலை பார்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே அத்தான், உள்ளே இருக்கும் ராஜினாமாவைக் கிழித்துவிடவும். தபால்காரர் இதைப் படித்தாலும் பாதகமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தாக வேண்டும்.