வீரகத்தியரின் முப்பத்துமூன்றாவது பல்

"அன்னம், என்ர பல்லு உடைஞ்சு போச்சு!"

புட்டுக் கோப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றார் வீரகத்தி. அவருடைய உள்ளங்கையில் அரைப் பயறளவில், மஞ்சளும் கறுப்புமாக ஒரு துண்டு கிடந்தது.

மனைவி அன்னபாக்கியம் அதை உற்றுப் பார்த்தாள். "எந்தப் பல்லு?"

"அதுதான் தெரியேல்லை. புட்டைக் கடிக்கேக்க நறுக்கெண்டது."

மற்ற நாளென்றால் மனுசன் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். அன்றைக்கு ஒன்பது மணிக்கு முரசுமோட்டைப் பள்ளிக்கூடத்தில் பற்சுகாதார விழா. பிரதம விருந்தினர் அவர்தான். 'அறுபத்திரண்டு வயதிலும் முப்பத்திரண்டு பற்களுடன் வாழும் திரு. வீரகத்தி' என்றே அழைப்பிதழில் அடித்திருந்தார்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் யூரியாவைப் பற்றிப் பேச எழும்பினாலும் தன் பல்லைப் பற்றிச் சொல்லாமல் அவர் இருந்ததில்லை. ஊரில் யாராவது பல்லுப் பிடுங்கினால் வீடு தேடிப் போய், "வேப்பங்குச்சியைக் கண்டதில்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்.

"டொக்டரிட்டைக் காட்டுவமே?"

"விசரே உனக்கு? அந்த டொக்டர் பிள்ளைதான் விழாவையே நடத்துது. முப்பத்தொண்டு எண்டு மேடையில அறிவிக்கச் சொல்லுறியோ?"

அலுமாரிக் கண்ணாடியில் வாயைப் பிளந்து எண்ணினார். முப்பத்திரண்டு வந்தது. பதற்றத்தில் பிழையாக எண்ணிவிட்டோம் என்று மறுபடியும் எண்ணினார். இருபத்தொன்பது. அதுதான் சரியென்று பட்டது. நாக்கால் துழாவியதில் கீழ்ப்பல்லொன்றின் பின்பக்கம் ஏதோ பள்ளம் மாதிரியும் இருந்தது.

செருப்பு ஒட்ட வாங்கிய சுப்பர் குளூ மேசை லாச்சிக்குள் கிடந்தது. துண்டில் ஒரு துளி விட்டு, பல்லின் பின்னால் வைத்து, சுட்டுவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு அறுபதுவரை எண்ணினார். துண்டு ஒட்டியது. விரலும் ஒட்டியது.

"அன்னங்! இரல்! இரல்!"

"இறாலோ? வெள்ளிக்கிழமையில இந்த வீட்டில மச்சமோ?"

அவர் மற்றக் கையால் வாயைக் காட்டிய பிறகுதான் அவளுக்கு விசயம் விளங்கியது. விரலைப் பிடித்து இழுத்தாள். விரலோடு வீரகத்தியும் சேர்ந்து வந்தார். நல்லெண்ணெய் ஊற்றினாள்; பாதி தொண்டைக்குள்ளும் பாதி பட்டு வேட்டியிலும் போனது. சுடுதண்ணீர் விட்டாள், நாக்கு வெந்தது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட அதிபர் தொலைபேசியில் வந்தார். "ஐயா, பிள்ளையள் வரிசையில நிக்கினம். வெளிக்கிட்டியளோ?"

"ஆ... ஆஆ!"

"சந்தோசம் ஐயா, வாங்கோ!"

வேறு வழியில்லை. அன்னபாக்கியம் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியை ஓட்ட, பின்னால் வாய்க்குள் விரலோடு வீரகத்தி குந்தியிருந்தார். வாய்க்கால் தெருவில் கண்டவர்கள் எல்லாம் வணக்கம் சொன்னார்கள். அவரால் முழங்கையைத்தான் ஆட்ட முடிந்தது.

பள்ளிக்கூட வாசலில் வாத்தியம் முழங்கியது. பிரதம விருந்தினர் வாய்க்குள் விரலோடு இறங்குவதைக் கண்ட இருநூறு பிள்ளைகளும், இன்றைய பாடம் இதுதானாக்கும் என்று தாங்களும் வாய்க்குள் விரலை வைத்தார்கள். அதிபர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரும் வைத்தார்.

பல் டொக்டர் தாட்சாயினிதான் ஓடிவந்து அவரை வகுப்பறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கால் மணித்தியாலம் மெல்ல மெல்ல அசைத்ததில் விரல் கழன்றது. பின்னாலேயே துண்டும் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயா, இது பல்லில்லை. ஊத்தை."

"ஊத்தையோ?"

"எங்கட குடியேற்றத் திட்டம் மாதிரித்தான் ஐயா. துப்பல் பல்லில மெல்லிய படையொண்டைப் பூசிவிடும். அதுதான் காணி. முதல் ஒரு கிருமி வந்து அதில ஒட்டும். நாங்கள் தின்னுற சீனியிலயே பசை செய்து கொட்டில் போடும். பிறகு மச்சான் வருவார், சகலன் வருவார், ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு ஒட்டுவினம். தேய்க்காமல் விட்டால் துப்பலில இருக்கிற சுண்ணாம்புச் சத்து இறங்கிக் கொட்டில் கல்வீடாயிடும். அந்தக் கல்வீடுதான் இது."

"அதையோ நான் குளூ போட்டு ஒட்டினனான்?"

"ஓம் ஐயா. கிருமிக்குக் கிழமைக்கணக்காகிற வேலை. நீங்கள் ஒரு நிமிசத்தில முடிச்சிட்டியள்."

சின்னக் கண்ணாடியை வைத்து வாய் முழுவதையும் பார்த்தாள். "முப்பத்திரண்டும் அப்பிடியே இருக்கு. ஒண்டும் உடையேல்லை."

வீரகத்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எண்ணெய் வேட்டியோடு நெஞ்சை நிமிர்த்தினார். "நான் சொல்லுறனானெல்லோ!"

டொக்டரின் நெற்றி மட்டும் இன்னும் சுருங்கியே இருந்தது. "ஆனா ஐயா, உங்கட பல்லில இப்பிடிக் கல்லு விழுந்த இடமே இல்லை. இது வெத்திலை போடுற ஆளின்ர. நீங்கள் போடுறனியளோ?"

"சீ! வெத்திலையோ? நானோ?"

இதுவரை எண்ணெய்ப் போத்தலோடு கதவோரம் நின்ற அன்னபாக்கியம் நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்ப அது பல்லில்லையோ பிள்ளை? காலமை புட்டில உப்புப் பாக்கேக்க என்ர பல்லொண்டு அதுக்குள்ள விழுந்திட்டுதெண்டு, இந்த மனுசன்ர வாய்க்குப் பயந்தெல்லோ நான் சொல்லாமல் இருந்தனான்!"