பொட்டு ஒட்டாத வேல்

மலேசியாவுல எங்க தம்பின் எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு முருகனோட பித்தளை வேல் விளக்கித் தரணும். இந்த வருஷம் எங்க வீட்டு முறை. அவ்வளவுதான் விஷயம்.

புளி போட்டுத் தேய்க்கணும். நினைச்சாலே எனக்குக் கை வலிச்சுது!

நான் வேலை பாக்குற ஃபேக்டரியில லேசர் மிஷின் என் பொறுப்பு. உலோகத்து மேல லேசரால கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் போட்டு, ஓவன்ல சூடு காட்டினா, தண்ணி ஒட்டாம உருண்டு ஓடிடும். தண்ணி நிக்கலன்னா கறையும் லேசுல பிடிக்காது.

பாஸ்கிட்ட கேட்டுக்கிட்டு வேலுக்கும் லேசர் அடிச்சேன். நல்லா உழைக்கட்டும்னு அழுத்தியே அடிச்சேன்.

"இனிமே இத யாரும் தேய்க்கவே வேணாம்லா!"ன்னு கோயில் தலைவர் கையில பெருமையா குடுத்தேன்.

அபிஷேகத்துல பண்டாரம் பால் ஊத்தினாரு. ஒரு சொட்டு நிக்கல! முத்து முத்தா உருண்டு தலைவர் வேட்டியில தெறிச்சுது. கூட்டமே "முருகா!"ன்னு கும்பிட்டுச்சு. நான் சட்டைக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அடுத்து சந்தனப் பொட்டு.

வச்சாரு. வழுக்கி விழுந்துச்சு. திரும்ப வச்சாரு. திரும்பவும் விழுந்துச்சு. மேளம் நின்னு போச்சு.

"சாமி பொட்டு வேணாங்குது. வேல் யாரு வீட்டுல இருந்துச்சு? சுத்தமா விரதம் இருந்தாங்களா?"ன்னாரு பண்டாரம்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. என் மனைவி காதோரமா, "கேண்டீன்ல ஆயாம் கோரேங், பொரிச்ச கோழி ஏதும் சாப்ட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க!"

"ஐயோ, கொடி ஏறினதுலேர்ந்து வெறும் சாயூர், காய்கறிதான்!"

மானத்தக் காப்பாத்த லேசர் கதை முழுக்கச் சொன்னேன். தலைவர் பொறுமையா கேட்டாரு.

"சரி, இப்ப அதத் தேய்ச்சு எடுங்க."

அத்தனை பேரு பாக்க, புளி, தேங்காய் நார், சாம்பல்னு போட்டு வேர்க்க விறுவிறுக்கத் தேய்ச்சேன். போகல! பாஸ் பாத்திருந்தா சம்பளம் கூட்டிக் குடுத்திருப்பாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கடைசியில பண்டாரம் வேல் முனையில ஒரு எலுமிச்சம்பழத்தக் குத்தி, பழத்துல பொட்டு வச்சாரு. ஒட்டிக்கிச்சு! மேளம் திரும்ப ஆரம்பிச்சுது.

"விரதத்துல ஒண்ணும் குறை இல்லப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே எனக்கும் ஒரு பொட்டு வச்சு விட்டாரு. அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு.

நெத்தி பூரா வேர்வை. பொட்டு மெதுவா வழிஞ்சு மூக்கு மேல வந்துச்சு.

மனைவி பாத்துட்டு, "அங்கயுமா அடிச்சீங்க லேசர்?"