எப்சிபா டீச்சர் வீட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை

மதிப்புக்குரிய பாண்டீஸ்வரி அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். மாமாவிடமும் வேண்டாம். மாமாவிடம் காட்டுவதும் சின்னமனூர் மார்க்கெட்டில் மைக் வைத்துப் படிப்பதும் ஒன்றுதான். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு என்பதால் பார்த்துப் போடுங்கள். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கூடலூரில் நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இன்றைய நிலவரப்படி அப்பா சுகம், அம்மா சுகம், நான் இல்லை.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. தவிர, போன தடவை உங்களுக்கென்று நான் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் சொந்தக்காரர்கள் குரூப்பில் போய் விழுந்தது. அதில் சங்கிலியம்மாள் பெரியம்மாவின் ரசத்தைப் பற்றி நான் சொன்னதை முதல் ஆளாகக் கேட்டது பெரியம்மாதான். அதனால்தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி மூட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடியற்காலையில் காய்கறி வண்டி ஓட்டிக்கொண்டு சின்னமனூர் வரும் ஈஸ்வரபாண்டி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். அண்ணன் பிரித்துப் பார்க்க மாட்டார், அவருக்கு அவர் கல்யாணக் கவலையே போதும்.

விஷயம் இதுதான். அப்பாவுக்குத் தேனியில் மாட்டுத் தீவனக் குடோனில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை சேர வேண்டும். வீடு அமையாவிட்டால் குடோனுக்குப் பின்னால் இருக்கும் அறையைச் சும்மாவே தருகிறேன் என்று முதலாளி தங்கப்பாண்டியன் சொல்லியிருக்கிறார். அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாவது ஆள் புண்ணாக்கு மூட்டை மேல்தான் ஏற வேண்டும். அதனால், வாடகை கட்டுப்படியாகிற வீடு ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் அப்பாவும் அம்மாவும் குடோனுக்கு, நான் இங்கேயே பெரியம்மா வீட்டுக்கு என்று பேச்சாகிவிட்டது. பெரியம்மா நல்லவர்தான். ஆனால் "பத்தாவத முடிக்கட்டும், அங்கிட்டு மிஷின்ல ஒக்கார வச்சுரலாம், பொட்டப்புள்ளைக்கு எம்புட்டுத்தான் படிப்பு" என்று இப்போதே தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார். அத்தை, நான் பன்னிரண்டாவது வரை படிப்பேன். அதற்கு மேலும் படிப்பேன். அம்மா அப்பாவை விட்டு இங்கே இருக்க மாட்டேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயம்தான் இருக்கிறது, அது வேறு.

இனி வீடு பார்த்த கதை. உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்கே சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். மாட்டுத் தரகில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு வேறு எதையும் வேறு விதமாக வாங்கத் தெரியாது. சந்தையில் பிடித்த மாட்டைப் புகழ்ந்தால் விலை ஏறிவிடும். ஆகவே பிடித்த மாட்டைத் திட்ட வேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு திட்ட வேண்டும். பிடிக்காத மாட்டுக்காரரை மட்டும் மனம் நோகாமல் நாலு வார்த்தை புகழ்ந்து அனுப்பிவிடலாம், காசா பணமா. கேரளாவிலிருந்து வருகிற சேட்டன்மார்களுக்கும் இந்த வழக்கம் தெரியும், மாடு கொண்டு வருகிறவர்களுக்கும் தெரியும், ஏன், மாட்டுக்கே தெரியும். தேனியில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

முதலில் பைபாஸ் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில் பிளாட் போட்ட ஒரு புது நகருக்குப் போனோம். நகர் என்று போர்டு இருந்தது, நகர் இல்லை. ஒரே ஒரு வீடு, சுற்றிலும் கல் ஊன்றிய காலி மனைகள். பஸ் எங்கே நிற்கும் என்று அம்மா கேட்டதற்கு வீட்டுக்காரர் விஜயபாண்டி, "இன்னும் ரெண்டே வருசம் மதினி, ஊரே இங்கன வந்துரும்" என்றார். பள்ளிக்கூடமும் அதோடு சேர்ந்து நடந்து வருமா என்று நான் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. வாடகை குறைவுதான், ஆனால் அப்பாவுக்கு அந்த இடம் துளியும் பிடிக்கவில்லை என்று அவர் பேச ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. "அடடா, காத்துன்னா இதுல்ல காத்து! செவத்துக்கு மட்டும் இளம்பச்சை அடிச்சா அரமனை தோத்துரும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் அன்று சாயங்காலமே இளம்பச்சை அடித்துவிட்டார். தினமும் காலையில் போன் செய்து, "எப்பண்ணே பால் காய்ச்ச வாரீக?" என்கிறார். அப்பா போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு சிக்னல் இல்லாதவர் மாதிரி ஹலோ ஹலோ என்கிறார்.

இரண்டாவது, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின் தெருவில் மாடி வீடு. வீட்டுக்காரர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆன பாண்டியராஜன் சார். அப்பாவுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது, ஆகவே கொஞ்சம் திட்டினார். தூணை விரலால் தட்டிப் பார்த்து நொண்டி மாட்டைச் சொல்வது போல "முன்னங்கால் தாங்குதே" என்றார். படியில் ஏறி இறங்கி "மூச்சு வாங்குது" என்றார். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று சாருக்கு விளங்கவில்லை. இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாடகை பேச வேண்டிய நேரம் வந்ததும் அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து, சாரின் வலது கை மேல் போர்த்தி, உள்ளே கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்துவிட்டார். சந்தையில் பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாமல் அப்படித்தானே பேசுவார்கள். சார் பாவம், வாழ்க்கையில் துண்டுக்குள் கை கொடுத்தவர் இல்லை. "யோவ், கைய விடுய்யா!" என்று கத்தினார். அப்பா அதைப் பேரம் என்று நினைத்து இன்னொரு விரலையும் சேர்த்து அழுத்தினார். உள்ளே இருந்து சாரின் மனைவி ஓடிவந்து, "ஐயோ, மோதரத்த உருவுறானே!" என்று கூப்பாடு போட்டார். மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜனம் பாதி இலையில் எழுந்து வந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு யாரோ மாதிரி தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா பின்னால் வந்து சேர்ந்து, "மனுசன் படியவே இல்ல ஜோதி, பெரிய ஏவாரியா இருப்பாரு போல" என்றார் அம்மாவிடம்.

மூன்றாவதுதான் அத்தை, எங்கள் வீடு. எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். பழனிசெட்டிபட்டியில் எப்சிபா டீச்சர் என்று ஒருவர், பணி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டின் பின்பகுதி. ஓர் அறை, ஒரு சமையலறை, கிணறு, துணி காயப்போட வெயில். அப்பாவின் குடோன் சைக்கிள் மிதிக்கும் தூரம். பெண்கள் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி, மணி அடிப்பது கிணற்றடிக்குக் கேட்கும். மளிகைக் கடை முனையிலேயே. வாடகை எங்களால் கொடுக்க முடிகிற வாடகை. அப்பா உள்ளே நுழைந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர் காது சிவந்தது. அம்மா என் காதில், "போச்சு, ரொம்பப் பிடிச்சுருச்சு" என்றார்.

அப்பா ஆரம்பித்தார். "இது வீடாம்மா? எங்க ஊருல கோழியடைக்கவே இதவிடப் பெருசா கட்டுவோம்" என்றார். "சன்னல் எதுக்கு இம்புட்டு, கள்ளன் செரமப்படாம வரவா?" என்றார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, "த்தூ, பல்லு கொட்டிரும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு சொம்பு வாங்கிக் குடித்தார். தரையில் உட்கார்ந்து பார்த்து, "தரையா இது, மாடு வழுக்குனா இடுப்பு ஒடிஞ்சுரும்" என்றார். எங்களிடம் இப்போது மாடு கிடையாது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், "தம்பி, கதவு அங்கன இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "திரும்பிப் பாக்காம நடங்க. தெரு முக்குக்குள்ள கூப்புடும் பாரு" என்றார். மெல்ல நடந்தோம். மளிகைக் கடை வந்தது, கூப்பிடவில்லை. "ஸ்டாப்புக்கு வரும்" என்றார். கம்பம் பஸ் வந்தது, அப்பா எங்களை ஏறவிடவில்லை. அடுத்த பஸ்ஸையும் விட்டார். அதற்கடுத்த பஸ்ஸில் ஏறினோம். வீரபாண்டி தாண்டும் வரை பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். அன்று இரவுதான் என் துணிகளைப் பெரியம்மா வீட்டுக்குக் கட்டச் சொன்னார்.

நான் கட்டவில்லை. இன்று காலை பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, உண்டியலை உடைத்து, தனியாகத் தேனி பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்டதற்கு என் பெயரைச் சொன்னேன். டீச்சர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, ஒங்கப்பா எதாச்சும் திட்ட மறந்துட்டாராக்கும்?" என்றார்.

நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பிடித்தால்தான் திட்டுவார், பைபாஸ் வீட்டைப் புகழ்ந்தார், பாவம் அந்த மனிதர் பச்சை அடித்துவிட்டார் என்று. டீச்சர் நம்பவில்லை. "அப்ப ஒங்கம்மா சமையல?" என்று கேட்டார். "கொழம்பு வாயில வைக்க வெளங்கலன்னு சொல்லிக்கிட்டே மூணாவது தடவை ஊத்தச் சொல்வார் டீச்சர்" என்றேன். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது, வந்ததும் போய்விட்டது. "அந்தச் சன்னலு நான் லோன் போட்டு வச்ச சன்னலும்மா. எங்க வீட்டுக்காரரு போனப்பறம் ஒத்தையா நின்னு கட்டுன வீடு. வாடகை நீங்க கொஞ்சம் கொறச்சுக் கேட்டிருந்தாக்கூட குடுத்திருப்பேன். கோழிக்கூடுன்னுட்டாரே" என்றார். கடைசியில் அவரே சொன்னார்: "நாளைக்குச் சர்ச் விட்டு வந்து பதினோரு மணி வரைக்கும் பாப்பேன். ஒங்கப்பா வந்து எங்க வீட்டப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லட்டும். சாவியக் குடுத்துர்றேன். இல்லாட்டி வேற ஆளு கேட்டிருக்காக."

ஒரே ஒரு நல்ல வார்த்தை, அத்தை! அப்பா பிடித்த பொருளை அதன் முகத்துக்கு நேரே புகழ்வாரா? நானே போய்ச் சொன்னால், தனியாகப் பஸ் ஏறியதற்கு முதுகுத்தோல் உரிந்துவிடும். அப்பா இந்த உலகத்தில் பயப்படுவது இரண்டுக்குத்தான். ஒன்று முட்டுகிற காளை, இன்னொன்று நீங்கள். ஆகவே காலையில் இது கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் போட்டு, பழனிசெட்டிபட்டிக்குப் போய் நல்ல வார்த்தை சொல் என்று கண்டித்துச் சொல்லுங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் கனவில் வந்தது என்று சொல்லுங்கள். என் பெயர் கனவில்கூட வர வேண்டாம். நீங்கள் செய்யாவிட்டாலும் நான் விடப்போவதில்லை, குடோனுக்கே போய்ப் புண்ணாக்கு மூட்டை மேல் படுத்துப் பத்தாவது படிப்பேன். ஆனால் நீங்கள் செய்வீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். எப்படி வந்த வணக்கம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கள் ஆசி வேண்டி,
பாதம் பணியும்
ஹேமாவதி

பி.கு.: அத்தை, போன் செய்யாதீர்கள். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே அப்பாவின் போன் அடித்தது. சின்னக்கருப்பு பெரியப்பா. அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். "சகல, புள்ளைய நாளைக்கே கூட்டியாந்துருங்க, எங்க புள்ள மாதிரிப் பாத்துக்கிர்றோம்" என்று பெரியப்பா சொன்னதும் அப்பா பிடித்துக்கொண்டார். "எதுக்கு சகல, சும்மா திங்கவா? ஒரு வேலைக்கு ஆகாது. சோம்பேறி. எதுத்து எதுத்துப் பேசும். விடிய விடிய லைட்டப் போட்டு ஒக்காந்திருக்கும், கரண்டு பில்லு கட்டி மாளாது. மண்டையில களிமண்ணு. இத வச்சு நீங்க என்ன செய்யப் போறீக, ஒங்களுக்குத் தோதுப்படாது, விட்ருங்க" என்று நிறுத்தாமல் பேசினார். பெரியப்பா இரண்டு தடவை குறுக்கே பேசிப் பார்த்தார், முடியவில்லை. நான் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஒன்றை இவ்வளவு நேரம் திட்டி நான் கேட்டதே இல்லை, அத்தை. அந்தக் கிணற்றைக்கூட இதில் பாதிதான் திட்டினார். எனக்கு அழுகை வந்து, எழுத்து ஓரிடத்தில் கலங்கிவிட்டது, மன்னிக்கவும்.

வீடு பார்க்கப் போனபோது அப்பா கொடுத்த நம்பருக்கு டீச்சர் சாயங்காலமே போன் செய்துவிட்டார் போலிருக்கிறது. இப்போது அம்மா சொல்லிக்கொடுக்கிறார், அப்பா சொல்லிப் பார்க்கிறார். "சன்னல் நல்லாருக்குன்னு சொல்லுங்க." "சன்னலு... பரவால்ல." "பரவால்ல இல்ல, நல்லாருக்கு." "ஏண்டி, நல்லாருக்குன்னா வாடகைய ஏத்திருவாகடி!" "ஏத்துனா ஏத்தட்டும், சொல்லுங்க." பிறகு அப்பா, "சன்னலு நல்லாருக்கு டீச்சரம்மா" என்றார். பல் பிடுங்குகிறவர் முன்னால் வாயைத் திறந்தவர் மாதிரி இருந்தது. செருப்புச் சத்தம் இந்தப் பக்கம் வருகிறது. நான் தனியாகப் பஸ்ஸில் போனதும் தெரிந்திருக்கும். அத்தை, கதவைத் தட்டுகிறார். "ஏ கழுத, உள்ள லைட்டப் போட்டு என்னத்தக் கிழிச்சுக்கிட்டு இருக்க, தெற" என்று