கல்பெஞ்சும் சிம்மாசனமும்

நீள்துறை என்றொரு நாடு இருந்தது. நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் வடகரையில் அரண்மனையும் அலுவலகங்களும், தென்கரையில் மக்கள். இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு படகு போய்வந்தது. அது எப்போது வரும் என்று படகுக்காரருக்கே தெரியாது என்பதால், தென்கரையில் காத்திருப்பதற்கென்று ஒரு பூவரச மரமும் அதன் அடியில் ஒரு கல்பெஞ்சும் இருந்தன. நெருக்கிக்கொள்ளாமல் மூன்று பேர் அதில் உட்காரலாம்.

மாலை நேரங்களில் அந்த மூன்று பேர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஒருவர் சோலையப்பன், படகுத்துறையில் சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர். அடுத்தவர் அவருடைய பால்ய சிநேகிதர், தையல்காரர் சவரிராயன். மூன்றாவது ஆள் சுண்டல் விற்கும் வள்ளிக்கண்ணு. கூடை காலியானதும் அவளும் வந்து ஓரமாக உட்காருவாள். உருப்படியாக எதுவும் பேச மாட்டார்கள். ஆனால் சோலையப்பனுக்கு நாள் என்பதே அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் அவர் அதற்காகக் காத்திருந்தார்.

இப்படியிருக்கையில் மன்னர் பேரொளிவர்மர் ஒரு நாள் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். மரங்கள் யாருடையவை என்று கேட்டார். பொது என்றார்கள். படித்துறை? பொது. கல்பெஞ்சு? அதுவும் பொது. மன்னர் மிகவும் வருந்தினார். இத்தனை பொருள்கள் அநாதையாகக் கிடக்கின்றனவே என்று அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என அரண்மனைக் குறிப்பேடு சொல்கிறது.

மறுநாள் ஏல அமைச்சர் என்ற புதுப் பதவி உண்டாக்கப்பட்டது. அதில் நுண்மதியார் அமர்ந்தார். "குடிமக்களே! இன்று முதல் பொதுப்பொருள் ஒவ்வொன்றும் ஓராண்டுக் காலத்துக்கு ஏலத்தில் விடப்படும். நீங்கள் அலைய வேண்டாம். உங்கள் கைப்பேசியிலேயே ஏலம் நடக்கும். வெயிலில் நிற்காமல் மரநிழலை வாங்கும் வசதி, உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லை!" என்று அவர் முழங்கினார். மக்கள் கைதட்டினார்கள். வெயிலில் நின்றுதான் கைதட்டினார்கள்.

ஏலத்தில் யாருடைய பெயரும் வெளியே தெரியாது. ஒவ்வொருவருக்கும் அரண்மனை ஒரு மறைபெயர் கொடுத்தது. சோலையப்பனுக்கு 'ஆமை 40' என்று வந்தது. நாட்டில் ஆமைகள் ஆயிரம் இருந்ததால் அவருக்கு அதில் மனக்குறை இல்லை.

முதல் மாதம் ஏலம் சரியாகப் போகவில்லை. மக்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. "எங்கண்ணன் கேட்கிறார், நான் எப்படிக் கேட்பது?" என்று விட்டுக்கொடுத்தார்கள். ஒரு தெருவில் நாற்பது வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, ஒருவர் மட்டும் கேட்டு, தெருக்குழாயை ஐந்து பணத்துக்கு எடுத்துவிட்டார்கள். நுண்மதியார் இதைத் தேசத்துரோகம் என்றார். உடனே இரண்டு காரியங்கள் நடந்தன. கூடிப் பேசி ஏலம் கேட்பது குற்றம் என்று சட்டம் வந்தது. 'ஏலம் வெல்லும் வழிகள்' என்று அமைச்சரே எழுதிய கையேடு வீட்டுக்கு வீடு வந்தது.

கையேடு மெல்லியதுதான். ஆனால் எழுதியவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேண்டிய பொருளை வேண்டுமென்று காட்டிக்கொள்ளாதே. முன்னதாகக் கேட்டு விலையை ஏற்றிவிடாதே. கடைசிப் பத்து விநாடி வரை பேசாமல் இரு. உன் உச்ச விலையை மனத்தில் முடிவு செய்துகொள், பெற்ற தாயிடமும் சொல்லாதே. நூறு என்று முழுசாகக் கேட்காதே, நூற்றொன்று என்று கேள். நூறோடு நின்றவன் ஒரு பணத்தில் தோற்பான். பக்கத்து வீட்டுக்காரன் எதையாவது புகழ்ந்தால் அவனுக்கு அது வேண்டாம் என்று பொருள். இகழ்ந்தால், கவனமாக இரு.

பள்ளிகளில் இதை மனப்பாடம் செய்தார்கள். மெல்ல மெல்ல ஊரின் பேச்சே மாறிப்போயிற்று. பசிக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் அரிசி ஏலத்தில் யாராவது விலையை ஏற்றிவிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லாமல் திரும்பிய மாப்பிள்ளைகள் பலர். அவர்கள் கடைசி விநாடிக்காகக் காத்திருந்தார்கள்.

கல்பெஞ்சிலும் பேச்சு குறைந்தது. மூவரும் உட்காருவார்கள், ஆற்றைப் பார்ப்பார்கள், எழுந்து போவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது: கல்பெஞ்சு ஏலம், திங்கட்கிழமை மாலை ஐந்து மணி, தொடக்க விலை பத்துப் பணம்.

சோலையப்பன் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். பெஞ்சை வேறு யாராவது எடுத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். எடுத்தே தீர வேண்டும், எடுத்து எல்லோரையும் உட்கார வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அன்று மாலை பெஞ்சில் சவரிராயனிடம், "இந்தக் கல்லு சூடு தாங்கல. எவன் எடுப்பான் இதை?" என்றார், கையேட்டின்படி.

"ஆமா, முதுகுவலிதான் மிச்சம்" என்றார் சவரிராயன், அவரும் கையேட்டின்படி.

திங்கட்கிழமை சோலையப்பன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு உட்கார்ந்தார். உச்ச விலை முந்நூற்றொன்று என்று முடிவு செய்திருந்தார். கடைசிப் பத்து விநாடியில் அதைத் தட்டினார். எட்டு விநாடி மிச்சம் இருக்கையில் 'கொக்கு 12' என்ற யாரோ முந்நூற்றுப் பதினொன்று கேட்டார். சோலையப்பனுக்கு உச்ச விலை, கையேடு எல்லாம் மறந்துபோயின. நானூற்றொன்று. கொக்கு, நானூற்றைம்பத்தொன்று. யாரடா இந்தப் பாவி, அப்படி என்ன ஆசை இவனுக்கு என் பெஞ்சின் மேல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அறுநூற்றொன்று தட்டினார். நேரம் முடிந்தது. 'வாழ்த்துகள், ஆமை 40' என்று வந்தது.

அதைக் கட்டுவதற்கு அவர் வானொலிப் பெட்டியையும் கட்டிலையும் விற்க வேண்டியிருந்தது. வீட்டில் பேசிக்கொண்டிருந்த ஒரே குரலும் போயிற்று. போகட்டும், பெஞ்சு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டார்.

மறுநாள் மாலை புதுவேட்டி கட்டிப் போய் உட்கார்ந்தார். சவரிராயன் வரவில்லை. வள்ளிக்கண்ணு வந்து, பழக்கதோஷத்தில் கூடையைப் பெஞ்சின் ஓரத்தில் இறக்கினாள். எங்கிருந்தோ துறைக் காவலர் வந்து அபராத ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"என்னோட பெஞ்சுய்யா. நான்தான் உக்காரச் சொல்றேன்" என்றார் சோலையப்பன்.

"ஏலத்தில் வென்ற பயனாளர் மட்டுமே அமரலாம், பெரியவரே. பிறர் அமர்ந்தால், விலை கொடுக்காமல் அனுபவித்த குற்றமாகும். அப்படி எல்லாரும் சும்மா உக்காரலாம்னா எதுக்கு ஏலம்?" என்றார் காவலர். பாதி சட்டம், பாதி அவர் சொந்தம்.

வள்ளிக்கண்ணு கூடையை எடுத்துக்கொண்டாள். "விடுங்கண்ணே. நான் நின்னே வித்துக்கிறேன்" என்று மூன்றடி தள்ளிப் போய் நின்றாள்.

அன்று முதல் சோலையப்பன் ஒவ்வொரு மாலையும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். அறுநூற்றொன்று கொடுத்த பெஞ்சை விட்டுவிட்டு வீட்டில் இருக்க மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. மனிதனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எதுவும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதற்குப் பணம் கட்டியவர் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

ஆண்டு முடியும் தறுவாயில் மன்னர் தம் வாழ்நாளின் மிகப் பெரிய அறிவிப்பைச் செய்தார். சிம்மாசனமும் பொதுப்பொருள்தானே? அதையும் ஏலத்தில் விடுவதே நீதி என்றார். நுண்மதியார் விதிகளை விளக்கினார்:

"ஏழைகள் விலக்கப்படலாகாது என்பது மன்னரின் திருவுளம். ஆகவே இந்த ஏலத்தில் பணம் கிடையாது. குடிமகன் ஒவ்வொருவருக்கும், மன்னர் உட்பட, ஒரே ஒரு கேட்பு. அதைத் தம் பெயரிலும் போடலாம், பிறர் பெயரிலும் போடலாம். ஒரே பெயரில் விழும் கேட்புகள் கூட்டப்படும். அதிகம் பெற்றவருக்கு ஐந்தாண்டு ஆட்சி. மேலும், கூடிப் பேசக் கூடாது என்ற தடை இந்த ஒரு வாரத்துக்கு நீக்கப்படுகிறது. தாராளமாகப் பேசிக்கொள்ளுங்கள்!"

தடை நீங்கியது. யாரும் பேசவில்லை.

சோலையப்பன் யோசித்தார். தாம் மட்டும் அரசரானால் ஒரே ஒரு ஆணை போட்டால் போதும். பெஞ்சை எல்லோருக்கும் திறந்துவிடலாம். அதற்குப்பின் சிம்மாசனத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். சவரிராயனைத் தம் பெயரில் போடச் சொல்லிக் கேட்கலாமா என்று நினைத்தார். புதன்கிழமை மாலை சவரிராயனே பெஞ்சுப் பக்கம் வந்து, பூவரச மரத்தில் கை ஊன்றி நின்றார். ஓராண்டில் முதல்முறை.

சோலையப்பன் மனத்துக்குள் கணக்குப் போட்டார். சொன்னால் ஆசை தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் தன் பெயரிலேயே போட்டுவிட்டால்?

"மழை வரும்போல இருக்கு" என்றார்.

"வராது" என்றார் சவரிராயன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். "சரி, வாரேன்" என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏலம் முடிவதாக இருந்தது. மூன்று ஐம்பத்தொன்பது வரை ஒரு கேட்பும் விழவில்லை. நாடு முழுவதும் கதவுகளைச் சாத்திக்கொண்டு, ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு மூலைகளில் முதுகைத் திருப்பிக்கொண்டு, கைப்பேசியின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தது. கடைசிப் பத்து விநாடியில் ஏழு லட்சம் விரல்கள் ஒருசேரத் தட்டின. சோலையப்பன் பெஞ்சிலிருந்தே தட்டினார்.

ஐந்து நிமிடத்தில் நுண்மதியார் கைப்பேசியில் தோன்றினார்.

"வரலாறு காணாத பங்கேற்பு! ஏலத்தில் நின்றவர்கள் ஏழு லட்சத்துப் பன்னிரண்டு பேர். எவராலும் நம் மன்னரை நெருங்க முடியவில்லை. தமக்கு அடுத்து வந்தவரைப் போல் இரண்டு மடங்கு பெற்று மன்னர் வென்றுள்ளார்!"

பட்டியல் கைப்பேசிக்கு வந்தது. இந்த முறை மறைபெயர்களுக்குப் பக்கத்தில் உண்மைப் பெயர்களும் இருந்தன. முதலிடம், மன்னர் பேரொளிவர்மர், இரண்டு கேட்புகள். இரண்டாமிடம், ஏழு லட்சத்துப் பதினொரு பேர், தலா ஒன்று. மன்னருக்கு விழுந்த இரண்டில் ஒன்று அவருடையது, மற்றது நுண்மதியாருடையது. மனம்விட்டுப் பேச ஒரு ஆள் வாய்த்த ஒரே மனிதர் அந்த நாட்டில் மன்னர்தான். அன்று நீள்துறை நாடே அவருக்கு எதிராக நின்றது. ஆனால் எவர் பக்கத்திலும் எவரும் நிற்கவில்லை.

சோலையப்பன் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. 'கொக்கு 12 – சவரிராயன், தையல், தென்கரை.'

நிமிர்ந்தபோது சவரிராயன் எதிரே நின்றார். அவர் கையிலும் கைப்பேசி இருந்தது.

"கொக்கு யாருன்னு பார்த்துட்டியா?"

"கொக்கு நீயா? ஏன்யா, முதுகுவலின்னு சொன்னே?"

"நீ சூடு தாங்கலைன்னு சொன்னியே. சரி, உனக்கு வேண்டாம் போலன்னு நான் எடுத்து உன்னைக் கூப்பிட்டு உக்கார வைக்கலாம்னு பார்த்தேன். தோத்ததும் எவனோ எடுத்துட்டான்னு நெனைச்சேன். மறுநாள் தூரத்துல நின்னு பார்த்தா நீ உக்கார்ந்திருக்கே. கேட்டிருந்தா விட்டுக்குடுத்திருப்பேனே, நம்மகிட்டயே மறைச்சுட்டானேன்னு எனக்கு மனசு விட்டுப்போச்சு."

சோலையப்பன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "ராசாவாகி என்ன செய்யலாம்னு இருந்தே?" என்று கேட்டார்.

"என்னத்தை? இந்தப் பெஞ்சைத் திறந்துவிடலாம்னுதான்."

மூன்றடி தள்ளி நின்றிருந்த வள்ளிக்கண்ணு கூடையைக் கீழே வைத்தாள். "நானும் அதுக்குத்தாண்ணே போட்டேன். நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சு." விரல்களை மடக்கிப் பார்த்தாள். அவள் கணக்கில் தப்பு வராது. "நம்ம மூணு பேரு இருந்தமே அண்ணே."

சோலையப்பன் மெல்லப் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். நகர்ந்து, காலியான இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டார்.

அப்போது துறைக் காவலர் வந்தார். "கூடிப் பேசற தடை நாலு மணியோட மறுபடி அமலுக்கு வந்தாச்சு. ஒண்ணா நிக்காதீங்க. கலைஞ்சு போங்க."

சவரிராயன் போனார். வள்ளிக்கண்ணு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். இருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். காவலர் மட்டும் போகவில்லை. ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார், எதையும் எழுதாமல் மூடினார். வடகரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"எட்டு மணி நேரம் நிக்கிற வேலை, பெரியவரே" என்றார் தாழ்ந்த குரலில். "அதுக்குத்தான் நானும் என் பேர்ல ஒண்ணு போட்டேன்."

சொல்லிவிட்டு அவர் மரத்தைச் சுற்றிக்கொண்டு, பெஞ்சு கண்ணில் படாத மறுபக்கம் போய் நின்றுகொண்டார். சோலையப்பன் இருட்டும்வரை பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.