சலவைக்கடைக்காரன் தன் முகத்தைத் துரத்திய படலம்

வாழ்க அவன்! கறை கண்டவிடத்துக் கனல் கக்கும் கண்ணினன், ஆவி சீறும் இஸ்திரிப் பெட்டியை அநாயாசமாய் ஏந்தும் கையினன், முழுக்கைச் சட்டைகளின் முதுகுச் சுருக்கங்களை ஒரே இழுப்பில் மண்டியிடச் செய்தவன், நான்கு தெருக் காலர்களுக்கும் நாயகன், மனைவி கூப்பிட்டால் மட்டும் காது கேளாதவன் ஆகிய சலவைக்கடைக்காரன் வாழ்க! கடையின் பின்வாசலிலிருந்து கடலோரம் வரை அவன் ஓடிய ஓட்டத்தைப் பாடப் புகுந்த நாவுக்கு, கால்வாய் நாற்றத்தைத் தாங்கும் வலிமையும் வாய்க்கட்டும்.

பகையின் மூலம் இது. மன்னர்கள் தம் கொடியில் விலங்கைப் பொறித்தார்கள். நம் வீரனோ, வெளுத்த துணியைப் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் கவரில் தன் முகத்தையே பொறித்தான்: முறுக்கிய மீசை, முப்பத்திரண்டு பல், அதன் கீழே ‘உங்கள் அழுக்கு எங்கள் பொறுப்பு’ என்னும் வீரவாசகம். அக்கொடிகளிற் பல காலப்போக்கில் கால்வாயில் மிதந்துபோய், முகத்துவாரத்துக் கம்பித் தடுப்பில் கொக்கிக் கழியேந்திக் காவல் நிற்கும் துப்புரவுத் தொழிலாளியிடம் சரணடைந்தன. அக்காவலன் வேறு யாருமல்லன். வீரனின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி.

சென்ற ஞாயிறு, குடும்பமே கூடி உண்டுகொண்டிருந்த பேரவையில், மச்சினன் முதல் அம்பைத் தொடுத்தான்.

“ஊர் அழுக்கையெல்லாம் நீங்க வெளுக்கறீங்க மாமா. உங்க மூஞ்சிய தினம் நான்தானே சாக்கடையிலேர்ந்து பொறுக்கறேன்!”

அவை சிரித்தது. அதிலும் மனைவி சிரித்த சிரிப்பு ரசத்தில் புரையேறி அடங்கியது. வீரன் எழுந்தான், எச்சில் கையை வான்நோக்கி உயர்த்திச் சூளுரைத்தான்.

“இனிமே என் கவர் ஒண்ணு, ஒரே ஒண்ணு உன் கம்பியில மாட்டட்டும்டா மாப்ளே! கடைப் பலகையில என் மூஞ்சிய அழிச்சுட்டு உன் மூஞ்சிய வரைஞ்சு வைக்கறேன்!”

விதிக்கு இது காதில் விழுந்திருக்க வேண்டும். ஏனெனில், மூன்றாம் நாள் பிற்பகல், புதிய இஸ்திரிப் பெட்டி சூடேற மறுத்து ஒத்துழையாமை பூண்டது. வீரன், கால்வாயை ஒட்டிய பின்வாசற்படியில் கவர்க்கட்டின்மேல் பாரமாக வீற்றிருந்த பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பாரம் நீங்கிய கட்டைக் காற்று கண்டது. பிரித்தது. ஒரே ஒரு கவரைத் தேர்ந்தெடுத்து, வயிறு புடைக்க ஊதி, பல்லக்கில் ஏற்றுவதுபோல் பரிவோடு தூக்கிக் கால்வாயில் இறக்கிவிட்டது.

தன் முகம் தன்னைப் பார்த்துச் சிரித்தபடியே நீரோடு போவதைக் கண்ட வீரன், கன்றைப் பறிகொடுத்த பசுவாய்க் கதறி, பசுவைப் பறிகொடுத்த இடையனாய்ப் பாய்ந்தான். முதலில், கைக்கு எட்டிய தண்ணீர் பாட்டிலை வேலென வீசினான். வேல் இலக்கைத் தவறவிட்டு, எதிரியின் பக்கத்திலேயே நண்பனாய் மிதந்தது. அடுத்து, இடக்கால் செருப்பைக் கழற்றிச் சக்கரமெனச் சுழற்றினான். அதுவும் கட்சி மாறியது. மூன்றாவதாக, துணி நனைக்கும் நீல வாளியைக் கயிற்றில் கட்டி, பகைவனை முகந்தெடுக்கும் பேரவாவோடு கடையை அடுத்த பாலத்திலிருந்து இறக்கினான். சலவைச் சோப்பில் ஊறிய கயிறு அவன் கையைவிட்டு வழுக்கியது. இவ்வாறாக, தனியொருவனாய்ப் புறப்பட்ட கவர், பாட்டிலைப் படைத்தலைவனாகவும் செருப்பைத் தோணியாகவும் வாளியைப் பட்டத்து யானையாகவும் கொண்டு, மூவகைச் சேனையோடு கடல்நோக்கிப் பவனி வந்தது. கரையோரமாய் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தான் வீரன்.

முகத்துவாரம். கம்பிகளுக்கிடையே வாளி வகையாய்ச் சிக்கி நின்றது. அதன் முதுகுப்புறம், மச்சினன் கண்ணுக்கு மறைவாக ஒட்டிக்கொண்டிருந்தது கவர்.

“என்ன மாமா, ஒத்தைச் செருப்போட?”

“சும்மாதான் மாப்ளே. டாக்டர் நடக்கச் சொன்னாரு.”

“ஒரு கால் மட்டுமா?” என்ற மச்சினன், குனிந்து வாளியைப் பார்த்துக் காறித் துப்பினான். “பாருங்க மாமா, எவனோ முழு வாளியவே தூக்கிப் போட்டிருக்கான். அறிவுகெட்ட ஜென்மம்!”

“அதானே! மனுஷனுங்களா இவனுங்க?” என்று வீரன் நெஞ்சம் கொதித்தான்.

வாளியை விடுவிக்க, மச்சினன் சங்கிலியை இழுத்துத் தடுப்பை ஒரு முழம் உயர்த்தினான். அக்கணமே கவர் நழுவி, மீசையும் பல்லும் மேல்நோக்க, இடைவெளியை நோக்கி நகர்ந்தது. கழி நீட்டினால் எட்டும் தூரம்தான். “பிடி!” என்னும் ஒரு சொல் போதும். அச்சொல் வீரனின் தொண்டை வரை வந்து, கடைப் பலகையில் மச்சினனின் முகம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிட்டது.

“அந்தப் பக்கம் பாரு மாப்ளே, எவ்ளோ பெரிய கப்பல்!” என்று கை நீட்டினான் வீரன்.

கப்பல் எதுவும் இல்லை. மச்சினன் அதைத் தேடி முடிப்பதற்குள், கவர் தடுப்பைக் கடந்தது, அலையைக் கடந்தது, ஆமைகளுக்கும் மீன்களுக்கும், அவற்றின் அழுக்குக்கு இனி யார் பொறுப்பு என்பதை எடுத்துச் சொல்லும் பொருட்டு ஆழியின் அகன்ற மார்பில் கலந்தது. கம்பியில் ஒன்றும் மாட்டவில்லை. சூள் பிழைத்தது! பலகை பிழைத்தது! மீசை பிழைத்தது! முரசறைய ஆளில்லாத குறையை ஈடுசெய்யத் தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டு, கடலைக் கடைசியாக ஒருமுறை நன்றியோடு நோக்கி, வெற்றி வீரன் நகருக்குள் மீண்டான்.

வருகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினான், அந்தக் கடைக்காரர் அதைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.